ஈசிஜில கியூடி அதிகம்னு ஆபரேஷன தள்ளி வச்சுட்டாங்க, மயக்க மருந்து என் ஹார்ட்ட நிறுத்திடுமா?

ஒரு வாசகி எழுதின நீளமான கடிதத்தோட சுருக்கம் முதல்ல. ஆள் யாருன்னு தெரியற மாதிரி இருந்த விவரத்தையெல்லாம் எடுத்துட்டேன்.

வயசு 36. பித்தப்பையில கல். ரெண்டு தடவை ராத்திரியில வலியும் வாந்தியும் தாங்க முடியாம ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காங்க, லேப்ராஸ்கோபில பித்தப்பைய எடுத்துடலாம்னு சர்ஜன் தேதியும் குடுத்துட்டார். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஈசிஜில ஹார்ட் ரேட் 98, கியூடி (ஒவ்வொரு துடிப்புக்கும் ஹார்ட்டோட கரண்ட் ஓடி முடிய ஆகற நேரம், மில்லிசெகண்ட்ல) 376, ரேட்டுக்கு ஏத்தபடி திருத்தின கியூடிசி 481னு மெஷின் அச்சடிச்சு குடுத்திருக்கு. அத பார்த்த மயக்க மருந்து டாக்டர், கார்டியாலஜிஸ்ட் பார்க்காம நான் மயக்கம் குடுக்க மாட்டேன்னு தேதிய தள்ளி வச்சுட்டார். இவங்க ஒன்றரை வருஷமா மனப்பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் 20 மில்லிகிராம் சாப்பிடறாங்க, ஆறு மாசமா வயித்துக்கு பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூல் தினமும் போகுது. மனசுக்கு மாத்திரை எடுக்கறது கூட வர்ற சொந்தக்காரங்களுக்கு தெரியாது, அதனால ஆஸ்பத்திரி ஃபார்ம்லயும் எழுதல. கடிதம் முடியற இடத்துல, போற போக்குல ரெண்டு வரி எழுதியிருக்காங்க: 15 வயசுல விடிகாலைல அலாரம் அடிச்சு திடுக்குன்னு எழுந்தப்போ மயங்கி விழுந்தாங்களாம், அம்மாவோட தம்பி இருபதுகள்லயே தூக்கத்துல இறந்துட்டாராம், காரணம் யாருக்கும் தெரியாதாம்.

கேட்டிருக்கறது நாலு கேள்வி. மயக்க மருந்து ஹார்ட்ட நிறுத்திடுமா? மயக்கத்துக்கு போடற புரோபோஃபால் ஆபத்தான மருந்தாமே? முதுகுல ஊசி போட்டு செஞ்சுட்டா ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? ஒரு வாரம் யாருக்கும் சொல்லாம மனசு மாத்திரைய நிறுத்திட்டு மறுபடி ஈசிஜி எடுத்தா நார்மல்னு வந்துடுமா?

அன்பு சகோதரி,

தேதிய தள்ளி வச்ச டாக்டர் மேல கடிதம் முழுக்க உங்களுக்கு கோவம் தெரியுது. வலியோட காத்திருக்கறவங்களுக்கு அந்த கோவம் வரத்தான் செய்யும். நானும் மயக்க மருந்து டாக்டர்தான், அவர் இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். அதுவும் அவருக்கு உங்க மாத்திரையும் தெரியாது, அலாரம் சத்தத்துல மயங்கி விழுந்ததும் தெரியாது, வெறும் ஈசிஜி பேப்பர மட்டும் பார்த்துட்டு நிறுத்தியிருக்கார். நீங்க போற போக்குல எழுதின அந்த ரெண்டு வரிதான் உங்க கடிதத்துலயே முக்கியமான விஷயம், அதுக்கு கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

ஹார்ட்ட நிறுத்துறது மயக்க மருந்து இல்ல

ஹார்ட்டுக்கு அதோட சொந்த கரண்ட் இருக்கு. மேல் அறையில சைனஸ் நோடுன்னு ஒரு சின்ன இடம், துடிப்பு அங்கதான் பிறக்குது, நடுவுல ஏவி நோடுல ஒரு கணம் தாமதிச்சு அப்புறம் கீழ் அறைகளுக்கு பரவுது. மூளை தூங்கினாலும் இது பாட்டுக்கு நடக்கும், பொது மயக்க மருந்துகள் குறி வைக்கறது மூளையத்தான். ஹார்ட்ட நிறுத்தி ஆபரேஷன் பண்ணாங்கன்னு நீங்க கேள்விப்பட்டது பைபாஸ் மாதிரி ஆபரேஷனா இருக்கும், அங்கயும் நிறுத்துறது மயக்க மருந்து இல்ல, பொட்டாசியம் அதிகமா கலந்த ஒரு தனி திரவம்.

ஆனா மயக்க மருந்துக்கும் ஹார்ட்டோட கரண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொன்னா அது பொய். இந்த பயம் ஆரம்பத்துலருந்தே இருக்கு. 1848ல ஹன்னா கிரீனர்னு 15 வயசு பொண்ணு, கால் நகம் எடுக்கறதுக்காக குளோரோஃபார்ம் குடுத்தப்போ இறந்துபோச்சு, ஏன்னு அன்னைக்கு யாராலயும் உறுதியா சொல்ல முடியல. 1911ல குட்மன் லெவிங்கறவர் பூனைகள்ல பரிசோதனை பண்ணி, அரைகுறை குளோரோஃபார்ம் மயக்கத்துல அட்ரினலின் ஏறினா ஹார்ட்டோட கீழ் அறை தாறுமாறா துடிச்சு நின்னுடும்னு காட்டினார். 1956ல வந்த ஹாலோத்தேனுக்கும் இந்த குணம் ஓரளவு இருந்துச்சு. இப்ப நாங்க பயன்படுத்தற செவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன் மூணுலயும் அந்த ஆபத்து ரொம்பவே குறைவு. ஒரு விஷயம் மட்டும் அன்னைக்கும் இன்னைக்கும் மாறல, மருந்தும் அட்ரினலினும் சேர்ந்துதான் பிரச்சனை பண்ணும். பயம், வலி, தொண்டைல குழாய் வைக்கற நேரம், மயக்கம் தெளியற நேரம், இங்கல்லாம் அட்ரினலின் ஏறும். அதனால நாங்க ரொம்ப கவனமா இருக்கறதும் இந்த நேரங்கள்லதான்.

அந்த 481 என்ன சொல்லுது

கீழ் அறையோட செல் ஒவ்வொரு துடிப்புக்கும் கரண்ட வெளியேத்தி, அடுத்த துடிப்புக்கு முன்னாடி பழைய நிலைக்கு திரும்பணும். சோடியமும் கால்சியமும் உள்ள வர்றதுல ஆரம்பிச்சு பொட்டாசியம் வெளிய போறதுல முடியற வேலை இது, ஈசிஜில இதுக்கு ஆகற மொத்த நேரந்தான் கியூடி. பொட்டாசியம் வெளிய போற வழிய ஏதாவது ஒரு மருந்து அடைச்சா இந்த நேரம் நீளும். நேரம் ரொம்ப நீண்டு, செல் இன்னும் முழுசா திரும்பாத நேரத்துல ஒரு தப்பான துடிப்பு வந்து விழுந்தா, டோர்சாட் டி பாயின்ட்ஸ்ங்கற முறுக்கின மாதிரி தெரியற வேகத்துடிப்பு வரலாம். அதுலதான் ஆள் மயங்கி விழறாங்க, நிக்காம போனா உயிருக்கே ஆபத்து.

ஹார்ட் வேகமா ஓடினா கியூடி தானா சுருங்கும், அதனால வேகத்துக்கு ஏத்த மாதிரி கணக்கு பண்ணி கியூடிசின்னு ஒரு எண் போடுவாங்க. பெரும்பாலான மெஷின்ல இருக்கறது 1920ல வந்த பாஸெட் கணக்கு, ஹார்ட் வேகமா ஓடும்போது அது கூட்டித்தான் காட்டும். உங்களுக்கு அன்னைக்கு பயத்துல 98 ஓடியிருக்கு. அதே 376ஐ, அதே 1920ல வந்த ஃபிரிடெரிசியா கணக்குல நான் போட்டு பார்த்தேன், 443 வருது. பெண்களுக்கு 460 வரைக்கும் சாதாரணம்னு எடுத்துக்கறது வழக்கம், 500ஐ தாண்டினா ஆபத்து தெளிவா ஏறுது. அப்போ ஒரு கணக்குல நீங்க எல்லைக்கு வெளிய, இன்னொரு கணக்குல உள்ள. இத படிச்சுட்டு அப்பாடா நார்மல்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. அமைதியா படுத்து, ஹார்ட் 60லருந்து 80க்குள்ள இருக்கும்போது இன்னொரு ஈசிஜி எடுத்து, மெஷின் எண்ண நம்பாம கார்டியாலஜிஸ்ட் கையால அளந்து பார்த்தாத்தான் எது நிஜம்னு தெரியும்.

மயக்க மருந்த விட உங்க மாத்திரை அட்டைதான் எனக்கு கவலை

நீங்க பயப்படறது ஆபரேஷன் அன்னைக்கு ஏறப்போற மருந்துக்கு, நான் பார்க்கறது தினமும் உள்ள போயிட்டிருக்கறத. எஸ்சிட்டலோபிராம் கியூடிய நீட்டும், டோஸ் கூடக்கூட நீட்டறதும் கூடும். டோம்பெரிடோனும் நீட்டும். கியூடிய நீட்டற வேற மருந்தோட டோம்பெரிடோன சேர்க்கக்கூடாது, சாதாரணமா ஒரு வாரத்துக்கு மேல குடுக்க வேண்டாம்னு ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2014லயே சொல்லியாச்சு, நீங்க ஆறு மாசமா சாப்பிடறீங்க. பான்டோபிரசோல் நேரா கியூடிய தொடாது, ஆனா மாசக்கணக்குல எடுக்கறவங்க சிலருக்கு மக்னீசியம் குறையுது, வாந்தி எடுத்தா பொட்டாசியம் குறையுது, இந்த ரெண்டு உப்பும் குறைஞ்சாலும் கியூடி நீளும். தனித்தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் சின்ன விஷயம்தான், நாலும் ஒரே உடம்புல ஒரே நேரத்துல சேர்ந்து நிக்குது, இதுக்கு மேல ஆஸ்பத்திரில வாந்திக்குன்னு ஆன்டான்செட்ரான் ஊசி போட்டா அதுவும் கியூடிய நீட்டற மருந்துதான். (சாதாரண 4 மில்லிகிராம் டோஸ் கோடிக்கணக்கானவங்களுக்கு ஒண்ணும் பண்ணல, ஆனா 32 மில்லிகிராம ஒரே தடவையா நரம்புல ஏத்தற முறைய 2012ல அமெரிக்காவுல இந்த காரணத்துக்காகவே கைவிட்டாங்க.) உங்க மாத்திரை பத்தி தெரியாத ஒரு டாக்டர் நல்லெண்ணத்துலதான் அத போடுவார்.

இப்ப அந்த ரெண்டு வரி. திடீர் சத்தத்துல மயங்கி விழறதும், குடும்பத்துல ஒரு இளவயசு திடீர் மரணமும் சேர்ந்து வந்தா, பிறவியிலயே கியூடி நீளமா இருக்கற கோளாறு இருக்குமோன்னு கேட்டே ஆகணும். சுமாரா 2000 பேர்ல ஒருத்தருக்கு அது இருக்கு. அதுல ஒரு வகைல ஓடும்போதும் நீந்தும்போதும் மயக்கம் வரும், இன்னொரு வகைல அலாரம், டெலிஃபோன் மாதிரி திடுக்கிட வைக்கற சத்தத்துல வரும், மூணாவது வகைல தூக்கத்துல. உங்களுக்கு அது இருக்குன்னு நான் சொல்லல, வளர்ற வயசுல திடீர்னு எழுந்து பிபி இறங்கி விழுந்தவங்கதான் அதிகம். ஆனா இத கேக்காம யாரும் உங்கள தூங்க வைக்கக்கூடாது. கார்டியாலஜிஸ்ட் கிட்ட முதல் வார்த்தையா இத சொல்லுங்க, முடிஞ்சா அம்மாவுக்கும் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க. அந்த கோளாறே இருந்தாலும் ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு அர்த்தம் இல்ல. ஹார்ட் மேல அட்ரினலினோட வேலைய அடக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை ஆரம்பிச்சு, அத ஆபரேஷன் அன்னைக்கு காலைல கூட விடாம குடுத்து, திட்டம் போட்டு செய்வாங்க.

உங்க நாலாவது கேள்விக்கு பதிலும் இங்கதான் இருக்கு. எஸ்சிட்டலோபிராம நீங்களா நிறுத்தாதீங்க. அது உடம்புல இருந்து முழுசா போக ஒரு வாரம் மாதிரி ஆகும், அதுக்குள்ள தலைசுத்தல், உடம்புக்குள்ள ஷாக் அடிக்கற மாதிரி உணர்வு, தூக்கமின்மை, பழைய பதற்றம் எல்லாம் திரும்பலாம், அந்த பதற்றமே அட்ரினலினா மாறி ஹார்ட் மேலதான் போய் விழும். நிறுத்திட்டு நார்மல் ஈசிஜி வாங்கி, ஆபரேஷன் முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சா என்ன சாதிச்சோம்? டோஸ குறைக்கறதா, கியூடிய அதிகம் தொடாத வேற மருந்துக்கு மாத்தறதா, அப்படியே தொடர்றதாங்கறத அத எழுதிக் குடுத்த மனநல டாக்டரும் கார்டியாலஜிஸ்ட்டும் பேசி முடிவு பண்ணட்டும். டோம்பெரிடோன் கதை வேற, அத நிறுத்தறதுல இந்த மாதிரி சிக்கல் எதுவும் இல்ல, ரெண்டு மூணு நாள்ல உடம்பவிட்டு போயிடும். வயித்து டாக்டர் கிட்ட இன்னைக்கே ஃபோன் பண்ணி, அது இல்லாத மாத்திரைக்கு மாத்திக்கலாமான்னு கேளுங்க.

எந்த மருந்து என்ன பண்ணும்

செவோஃப்ளுரேன் மாதிரி மூச்சுல இழுக்கற மருந்துகள் மூணுமே ஈசிஜில கியூடிய கொஞ்சம் நீட்டும். ஆனா செவோஃப்ளுரேன்ல ஹார்ட் சுவரோட எல்லா அடுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு நீளறதால, எண் பெருசா தெரிஞ்சாலும் அந்த முறுக்குத் துடிப்பு வர்றது அபூர்வம். டெஸ்ஃப்ளுரேன் அளவ திடீர்னு ஏத்தினா ஹார்ட் படபடன்னு ஓடும், உங்கள மாதிரி ஒருத்தருக்கு நான் அத எடுக்க மாட்டேன்.

நீங்க பயப்படற புரோபோஃபால்தான் கியூடி விஷயத்துல எங்களுக்கு பிடிச்ச மருந்து, அது கியூடிய கிட்டத்தட்ட தொடறதே இல்ல. 2009ல மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தியால அந்த பேருக்கு ஒரு பயம் ஒட்டிக்கிச்சு. அங்க அத தூக்கத்துக்காக வீட்ல குடுத்தாங்க, சரியான மானிட்டரும் மூச்ச பார்த்துக்க ஏற்பாடும் இல்லாம. புரோபோஃபால் மூச்ச அடக்கும், பிபிய இறக்கும், அதுக்குத்தான் ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தர் தலைமாட்டுலயே உக்காந்திருக்கார். ஐசியூல ரெண்டு நாளைக்கு மேல அதிக அளவுல ஓட்டினா ஹார்ட்டுக்கு பிரச்சனை வரலாம்ங்கறது உண்மை, ஒரு மணி நேர ஆபரேஷனுக்கு அது பொருந்தாது.

கீட்டமைன் அட்ரினலின ஏத்தும், உங்களுக்கு வேண்டாம். தசைய தளர்த்தற சக்சினைல்கோலின் ஹார்ட்ட மெதுவாக்கலாம், கியூடியயும் நீட்டலாம், அதுக்கு பதிலா ரோக்குரோனியமோ வெக்குரோனியமோ போடலாம். கடைசியில தசைய திரும்ப எழுப்ப குடுக்கற நியோஸ்டிக்மினும் கிளைகோபைரோலேட்டும் சேர்ந்த ஊசி கியூடிய நீட்டும், சுகாமாடெக்ஸ் கிடைச்சா அது மேல். (கருத்தடை மாத்திரை எடுக்கறவங்களா இருந்தா, சுகாமாடெக்ஸ் போட்டதுக்கு அப்புறம் ஏழு நாளைக்கு வேற பாதுகாப்பும் வேணும், இத பல பேருக்கு யாரும் சொல்றதே இல்ல.) வலிக்கு குடுக்கற ஃபென்டனில் ஹார்ட்ட கொஞ்சம் மெதுவாக்கும், சமாளிக்கலாம். வாந்திக்கு டெக்ஸாமெத்தசோன் இருக்கு, கியூடிய நீட்டற டிரோபெரிடால் பக்கம் போக வேண்டாம்.

லேப்ராஸ்கோபில வயித்துக்குள்ள கேஸ் ஏத்தும்போது ஹார்ட்ட மெதுவாக்கற வேகஸ் நரம்பு இழுபட்டு ஹார்ட் ரேட் திடீர்னு இறங்கலாம், இது கியூடி பிரச்சனை இல்லாதவங்களுக்கும் நடக்கறதுதான். கேஸ மெதுவா ஏத்தச் சொல்லணும், இறங்கினா சர்ஜன் உடனே கேஸ விடுவார், நாங்க ரேட்ட ஏத்தற அட்ரோபின் குடுப்போம். மக்னீசியம் 2 கிராம் கைக்கு எட்டற தூரத்துல இருக்கும், ஷாக் குடுக்கற மெஷினோட பேட மயக்கத்துக்கு முன்னாடியே மார்ல ஒட்டி வச்சிருப்போம். உடம்பு ஜில்லிட்டாலும் கியூடி நீளும்ங்கறதால போர்த்தி சூடா வச்சிருப்போம். முடிஞ்சதும் உடனே வார்டுக்கு அனுப்பாம மானிட்டரோட கூடுதல் நேரம் வச்சு பார்க்கச் சொல்லி நீங்களே கேக்கலாம்.

முதுகு ஊசி பத்தி. ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சிருக்கீங்க, அது தப்பு. மேல் வயித்து ஆபரேஷனுக்கு மரத்துப்போகணும்னா ஊசியோட வேலை மார்பு வரைக்கும் ஏறணும், அங்க இருக்கற ஹார்ட்ட வேகப்படுத்தற நரம்புகளும் சேர்ந்து அடங்கும், ரேட்டும் பிபியும் இறங்கும். போதாக்குறைக்கு முழிச்சுட்டு பயத்தோட படுத்திருப்பீங்க, கேஸால தோள்பட்டை வலிக்கும், உங்களுக்கு நான் தவிர்க்க நினைக்கற அட்ரினலின் அங்கதான் ஏறும். பித்தப்பைய முதுகு ஊசில எடுத்தவங்க இருக்காங்க, முடியாதுன்னு சொல்லல. உங்களுக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சொந்தக்காரங்களுக்கு தெரியாம டாக்டருக்கு சொல்ல வழி இருக்கு

மறைச்சதுக்கு நான் உங்கள குறை சொல்லல, மனசுக்கு மாத்திரைன்னா சுத்தி இருக்கறவங்க எப்படி பேசுவாங்கன்னு நினைச்சு பல பேர் இதத்தான் பண்றாங்க. ஆனா இந்த ஒரு மாத்திரைய சொல்லாம விட்டா கியூடி மட்டும் இல்ல, வலிக்கு டிராமடாலோ பெத்திடினோ குடுத்தா எஸ்சிட்டலோபிராமோட சேர்ந்து காய்ச்சல், நடுக்கம், குழப்பம்னு சீரியஸா போகலாம். அதனால மயக்க மருந்து டாக்டர பார்க்கும்போது, நான் தனியா பேசணும், கூட வந்தவங்க வெளிய இருக்கட்டும்னு சொல்லுங்க. அப்படி கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, உங்க விவரத்த வெளிய சொல்லாம வச்சுக்கறது அவரோட கடமை. மாத்திரை அட்டைங்கள கையோட எடுத்துட்டு போங்க, சொந்தக்காரங்க பார்க்கற ஃபைல்ல இது எழுதப்படுமான்னும் கேட்டுக்குங்க. பேச சங்கடமா இருந்தா ஒரு சீட்டுல எழுதி கையில குடுங்க, அது போதும். ஈசிஜியோட காப்பிய உங்க கிட்டயே வச்சுக்குங்க, எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும் பழசோட ஒப்பிட்டு பார்க்கறதுதான் எங்களுக்கு பெரிய உதவி.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்

வலி இல்லாத நேரத்துல செய்யற ஆபரேஷன்ங்கறதால ரெண்டு மூணு வாரம் எடுத்து இதெல்லாம் சரி பண்றது நியாயமான முடிவுன்னு நினைக்கறேன். பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் ரத்தத்துல பார்க்கணும், பொட்டாசியம் 4க்கு மேல நல்லபடியா இருந்தா எனக்கு நிம்மதி. டோம்பெரிடோன நிறுத்தி ஒரு வாரம் கழிச்சு அமைதியான நேரத்துல ஈசிஜி, அதோட கார்டியாலஜிஸ்ட். எண் இறங்கி, குடும்ப விவரத்துலயும் அவருக்கு சந்தேகம் இல்லன்னா ஆபரேஷன் பண்ணிக்கலாம். எண் 480ஐ ஒட்டியே நின்னாலோ கோளாறுன்னு தெரிஞ்சாலோ, கார்டியாலஜி வசதி இருக்கற பெரிய ஆஸ்பத்திரில பண்ணிக்குங்க. மாசக்கணக்குல மட்டும் தள்ளாதீங்க, கல் நகர்ந்து பித்தக்குழாய அடைச்சா மஞ்சள் காமாலை, கணையத்துல வீக்கம்னு போகும், அப்புறம் இதே மயக்கத்த காய்ச்சலோடயும் வாந்தியோடயும் பாதி ராத்திரில குடுக்க வேண்டி வரும். அது இப்ப இருக்கறத விட பல மடங்கு ஆபத்து.

காத்திருக்கற இந்த நாட்கள்ல வேற எதுக்காவது டாக்டர்கிட்ட போனா, எனக்கு கியூடி அதிகம்னு முதல்ல சொல்லிடுங்க. அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஃப்ளூக்கனசோல் எல்லாம் அதே வேலைய பண்ற மருந்துங்க. கடையில நீங்களா கேட்டு வாந்தி மாத்திரை வாங்காதீங்க. மயக்கம் வந்தாலோ, படபடப்போட கண்ணு இருட்டினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ, வலி சில மணி நேரத்துல அடங்கலனாலோ எந்த தேதிக்கும் காத்திருக்காம அவசர சிகிச்சைக்கு போங்க, அங்க இருக்கற டாக்டர்கிட்ட உங்க மாத்திரை பேரும், கியூடி எண்ணும், 15 வயசுல விழுந்ததும், மாமா இறந்ததும் நாலையும் சேர்த்து சொல்லுங்க.